கடைசிப் பாட்டில் ஒரு சாவு அடி

எங்கள் ஆல்பத்துக்கு முதல் விமர்சனம் வந்தபோது, ஹட்டனில் நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் ஒருவருக்கு இருமல் பாணி மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மேசைக்கு அடியில் போன் அதிர்ந்தது. அதைப் பார்க்காமல் இருக்கும் பக்குவம் எனக்கு இல்லை. ஒரு கண்ணைப் போனிலும் ஒரு கண்ணை அலமாரியிலும் வைத்துக்கொண்டு ஒரு போத்தலை நீட்டினேன். வாங்கிப் பார்த்த மனிதர், "எனக்குக் காது நல்லாத்தாங்க கேக்குது, நெஞ்சுதான் சரியில்ல" என்றார். காதுக்கு விடும் சொட்டு மருந்தைக் கொடுத்திருந்தேன். முதலாளி பார்க்கவில்லை, அதனால் வேலை தப்பியது.

கொழும்பில் வரும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் வார இறுதிப் பக்கத்தில் அந்த விமர்சனம் வந்திருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து தமிழில் ஒரு ஹார்ட் ராக் ஆல்பம் வந்ததே எழுதியவருக்குப் பெரிய அதிசயம். கிட்டார் நன்றாக இருக்கிறதாம். பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை இருக்கிறது, அடக்கம் இல்லை என்று எழுதியிருந்தார். அது பரவாயில்லை, என் அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லிவருவதை அவர் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். கடைசிப் பத்தியில்தான் என்னைக் குத்தினார். கடைசிப் பாட்டின் முடிவில் திடீரென்று ஒரு தப்பு மேளம் வருகிறது, தாளம் நிற்காமல் முன்னால் பாய்கிறது, சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் அலங்காரம் மாதிரி ஒட்டவைத்திருக்கிறார்கள், அந்தப் பாட்டை வெட்டிவிட்டால் ஆல்பம் உருப்படும் என்று முடித்திருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில் பயம் கிடந்தது, அது புதிய பயம் இல்லை. கொழும்புக்காரர் கேட்டார், கேட்டுவிட்டுப் போகட்டும். அந்தக் கடைசிப் பாட்டை என் அம்மா கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம். ஏனென்றால் அந்தத் தப்பை அடிப்பது என் அண்ணன். அண்ணன் இப்போது இல்லை. அவன் அடிப்பது சாவு அடி.

எங்கள் பேண்டில் இருந்ததே மூன்று பேர். அண்ணன் டிரம்ஸ், நான் பாட்டு, ராகலையிலிருந்து வரும் ஒருவர் கிட்டார். அவரையும் நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே கிட்டார்காரர் என்கிறேன். மரக்கறித் தோட்டம் செய்கிற குடும்பம், வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் பக்திப் பாட்டுக்குப் பவ்வியமாக வாசித்துவிட்டு, மத்தியானம் எங்கள் ஊரான டிக்கோயாவுக்கு வந்து அதே கிட்டாரால் எங்கள் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கூரையைப் பிய்ப்பார். எங்களுடையது லயத்தின் தொங்கல் வீடு, கடைசி வீடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அண்ணனின் கை, காமன் கூத்துக்குத் தப்பு அடித்துப் பழகிய கை. டிரம்ஸ் அதற்குப் பிறகு வந்ததுதான். அவன் பிறவி அவசரக்காரன். சோற்றையும் அவசரமாகத் தின்பான், மழையில் படியிலும் அவசரமாக இறங்கி விழுவான். அடிக்கும்போதும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அடுத்த அடி வருவதற்குள் அதைப் பாய்ந்து பிடித்துவிடுவான். "நீ என்னா பஸ்ஸா புடிக்கப் போற?" என்று கிட்டார்காரர் திட்டுவார். அவன் சிரித்துவிட்டு அடுத்த சுற்றிலும் அதையேதான் செய்வான்.

கொழும்பில் ஒரு ஹோட்டலில் மேடைச் சாமான்களைப் பார்க்கும் வேலை கிடைத்துப் போனான். கொரோனா பரவிய நாள்களில் அங்கே காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே முடிந்துவிட்டான். செய்தியைப் போனில்தான் சொன்னார்கள். முதலில் சிங்களத்தில் சொன்னார்கள், நான் பேசாமல் நின்றதால் புரியவில்லை என்று நினைத்து மறுபடி தமிழில் சொன்னார்கள். எனக்கு முதல் தடவையே புரிந்திருந்தது. உடம்பைத் தரமாட்டார்கள், அங்கேயே எரித்துவிடுவார்கள் என்பது அந்த நாள்களின் சட்டம். நாங்கள் எரிக்கிறவர்கள் இல்லை, புதைக்கிறவர்கள். அப்பா தேயிலைக்கு நடுவே மேட்டில் படுத்திருக்கிறார், தலைமாட்டில் அம்மா நட்ட செவ்வந்தி இருக்கிறது. அண்ணனுக்கு மண்ணும் இல்லை, செவ்வந்தியும் இல்லை. எங்கள் லயத்தையும் அப்போது அடைத்து வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காகூடத் தன் வாசலில் நின்றுதான் அழுதார். வெள்ளைக் கொடி கட்டவில்லை, நாற்காலி வரவில்லை, தப்பு அடிக்கவில்லை. ஊர்ச் சாமிக்கெல்லாம் தப்பு அடித்தவன், தனக்கு ஓர் அடி விழாமல் போய்விட்டான்.

அம்மா அழவில்லை. "மொகத்தப் பாக்கல, பொட்டியப் பாக்கல, என்னத்தப் பாத்து அழச் சொல்ற?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. கருமாதி செய்யவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை. அவன் வீட்டில் விட்டுப் போன சப்பாத்து ஜோடி இன்னும் எங்கள் இஸ்தோப்பில், அதாவது வீட்டின் முன் தாழ்வாரத்தில், சுவரோரம் இருக்கிறது. மழைச் சாரல் அடித்தால் அம்மா அதை உள்ளே எடுத்து வைப்பாள், வெயில் வந்ததும் வெளியே வைப்பாள். யாராவது வாய் தவறி "செத்துப்போன ஒங்க மகன்" என்று தொடங்கினால், அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி எழுந்து உள்ளே போய்விடுவாள். அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டாள்.

நானும் கிட்டார்காரரும் பாட்டு எழுத உட்கார்ந்தபோது அண்ணனைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. அடைத்த பாதையைப் பற்றி ஒரு பாட்டு, இரண்டு மொழியில் வந்த செய்தியைப் பற்றி ஒன்று, மழைக்கு உள்ளே போகும் சப்பாத்தைப் பற்றி ஒன்று. எல்லாவற்றையும் கத்தித்தான் பாடினேன், மெதுவாகப் பாடினால் அழுதுவிடுவேன் என்று பயம். டிரம்ஸுக்கு வேறு ஆளை உட்காரவைக்க மனம் வரவில்லை, கிட்டார்காரர் தன் கம்ப்யூட்டரிலேயே அடி போட்டார். கடைசிப் பாட்டுக்கு மட்டும் எந்த அடியும் ஒட்டவில்லை. அப்போதுதான் என் பழைய போனில் இருந்த ஒரு வீடியோ நினைவுக்கு வந்தது.

கீழ் லயத்தில் ஒரு பெரியவர் இறந்தபோது, வழமையாகத் தப்பு அடிக்கிறவர் காய்ச்சலில் கிடந்தார். அண்ணன் தப்பை எடுத்துக் கட்டிக்கொண்டான். அம்மாவுக்கு அது துளியும் பிடிக்காது. மேடையில் எவ்வளவு வேண்டுமானாலும் அடி, சாவுக்கு அடிக்காதே, பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பேசுவார்கள் என்பாள். அன்றைக்குச் சாவு வீட்டு வாசலில் நின்று அவனை முறைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று போனில் பிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் எங்கள் இருவரையும் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் தலைமுழுக வைத்துத்தான் உள்ளே விட்டாள். அந்த வீடியோவிலிருந்து சத்தத்தை மட்டும் எடுத்துப் பாட்டின் முடிவில் வைத்தோம். ஒரு நாய் குரைப்பதும் யாரோ இருமுவதும் அதில் அப்படியே இருக்கிறது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் தோட்டத்தில் தப்புக்குப் பல அடிகள் உண்டு. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு, ஆள் கூப்பிட ஒன்று, சாமிக்கு ஒன்று, கூத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. மற்றதையெல்லாம் பிள்ளைகள் வாளியில் தட்டி விளையாடலாம். சாவு அடியைத் தட்டினால் முதுகில் அறை விழும். சாவு இல்லாமல் அந்த அடி விழுந்தால், அது தனக்கு ஒரு சாவைத் தேடிக்கொள்ளும் என்பார்கள். நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள், மாத்திரைக்கும் மந்திரத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவள். இதை நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது அம்மாவும் நானும் மட்டும். அது தேடிக்கொண்டு வந்தால் யாரிடம் வரும்?

அதனால் அந்தப் பாட்டை வீட்டுக்குள் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. ராகலையில் மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் அறையில் வைத்துத்தான் அதைச் செய்து முடித்தோம். உங்கள் பயம் எனக்கு எதற்கு என்று வாயால் சொல்லிக்கொண்டே, கிட்டார்காரர் அந்த இடம் வரும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்வார். ஆல்பம் வெளியான நாளிலிருந்து நான் முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கடையிலிருந்து பிரஷர் பார்க்கும் மெஷினை எடுத்துக்கொண்டு வந்து, அந்தியில் அம்மாவின் கையில் சுற்ற ஆரம்பித்தேன். "எனக்கு என்னா நோவு?" என்றாள். மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள் என்று பொய் சொன்னேன். அவள் தும்மினால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். படியில் இறங்கும்போது பின்னாலேயே போய் நிற்பேன். "நெழல் மாதிரி வராத, போய் வேலையப் பாரு" என்று விரட்டுவாள்.

இதற்கு நடுவில் விமர்சனங்கள் வந்துகொண்டே இருந்தன. சென்னையில் ஒருவர், பின்னால் கலர் விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு வீடியோவில் பேசினார். எங்களைப் பாராட்டினார், பாராட்டே தாங்க முடியவில்லை. கொழுந்து பறிக்கும் கைகள் இப்போது முழங்குகின்றன என்று கண் கலங்கினார். நான் வாழ்க்கையில் கொழுந்து பறித்ததில்லை, பறித்தால் கண்காணிப்பவர் முதல் நாளே என்னை மலையிலிருந்து இறக்கிவிடுவார். வெளிநாட்டிலிருந்து நடத்தும் ஓர் இணையத்தளம், இதில் கோபம் இருக்கிறது, அரசியல் போதாது என்றது. இன்னொருவர், கம்ப்யூட்டர் டிரம்ஸ் உயிரில்லாமல் இருக்கிறது என்று எழுதினார். அது உண்மை. உயிரில்லாததால்தான் கம்ப்யூட்டரைப் போட்டோம் என்று பதில் எழுதிவிட்டு அழித்தேன்.

ஆனால் ஒரு கருத்து மட்டும் நெஞ்சில் தைத்துவிட்டது. யாரோ ஒருவர், முகப்படம்கூட வைக்காதவர், செத்தவனை வைத்துப் பேர் வாங்குகிறார்கள் என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார். கடையில் அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். அம்மாவும் அப்படி நினைத்துவிட்டால்? அன்று கிட்டார்காரருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணே, கடைசிப் பாட்ட எடுத்துடலாமா?"

"எடுக்கிறது ரெண்டு நிமிஷ வேல தங்கச்சி. ஆனா அது அவன் கை. நீயும் நானும் முடிவு பண்ண ஏலாது. அம்மாகிட்ட போட்டுக் காட்டுவோம். அவங்க வேணாம்னா அன்னைக்கே எடுத்துடுவோம்" என்றார்.

நியாயமான பேச்சுத்தான். அதனால்தான் நான் அதைத் தள்ளிப்போட்டேன். இந்த ஞாயிறு அம்மாவுக்குத் தலைவலி, அடுத்த ஞாயிறு எனக்கு, அதற்கடுத்த ஞாயிறு கரண்ட் இல்லை. அம்மா வேண்டாம் என்றால் அண்ணன் இன்னொரு தடவை போய்விடுவான். வேண்டும் என்பதற்கு அவள் முதலில் அதைக் கேட்க வேண்டும். கேட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அதைத் தேடிக் கொண்டுவந்தவள் நான். இரண்டு பக்கமும் எனக்கு வழியில்லை.

அம்மாவே அதை முடித்துவைத்தாள். மேல் லயத்து அக்கா ஒருவர், கொழும்பிலிருக்கும் தன் மகள் எங்கள் பாட்டைக் கேட்டாளாம், கடைசிப் பாட்டில் தப்பெல்லாம் வருகிறதாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, அம்மா தொடங்கிவிட்டாள்.

"ஊரே கேக்குதாம் ஒம் பாட்ட. பெத்தவளுக்கு மட்டும் இல்லையா?"

"ஒங்களுக்கு அது புடிக்காதும்மா, வெறும் சத்தம்."

"சத்தம் எனக்குப் புதுசா? வர்ற ஞாயித்துக்கெழம போடு."

அம்மாவுக்குச் சத்தம் புதிதில்லைதான். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ரோலர் மெஷின்களுக்கு நடுவே வேலை செய்து, காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள். போனில் போட்டால் அவளுக்குக் கேட்காது. அதனால் கிட்டார்காரர் அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் மேடைக்குக் கொண்டுபோகும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் அதை வைக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது, கதவுக்கு நேராக. கதவை மூடலாம் என்றேன். பட்டப்பகலில் கதவை மூடுவதற்கு இதென்ன கள்ளச் சாராயமா என்று அம்மா கேட்டாள்.

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். மெஷின் ஓடுவது சரியா என்று ஸ்டோரில் கை வைத்துப் பார்த்துப் பழக்கம். முதல் பாட்டு முடிந்ததும், "யாரு மேல இவ்வளவு கோவம்?" என்றாள். இரண்டாவது பாட்டுக்கு, "தொண்ட நோவாதா?" என்றாள். கிட்டார்காரர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். சப்பாத்துப் பாட்டு வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, இஸ்தோப்புப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "அவ்வளவுதாம்மா" என்றேன்.

"இன்னும் ஒன்னு இருக்காமே. தப்பு வர்ற பாட்டு."

கிட்டார்காரர் என்னைப் பார்த்தார். நான் போட்டேன்.

பாட்டு முழுவதும் என் குரல்தான், அது முடிந்து ஒரு கணம் எதுவும் இல்லை, பிறகு தப்பு தொடங்கியது. திறந்தவெளியில் பிடித்த சத்தம் என்பதால், அந்தப் பெரிய பெட்டியில் அது பாட்டு மாதிரியே இல்லை, வாசலில் ஆள் நின்று அடிப்பது போலிருந்தது. நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அடி முந்திப் பாயும்போது, கை மட்டும் பெட்டியில் இன்னும் அழுந்தியது. கண்ணை மூடிக்கொண்டாள். மயக்கம் வருகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன், கால் நகரமாட்டேன் என்கிறது. பிரஷர் மெஷின் எங்கே இருக்கிறது என்றுகூட மறந்துபோனது.

அடி ஓய்ந்தபோதுதான் வெளியே அழுகை கேட்டது.

எங்கள் மலையில் சத்தம் சரிவைத் தாண்டி அடுத்த லயம் வரை போகும். நாங்கள் வருஷக்கணக்காகப் போட்ட கூச்சல் அலுத்துப்போய், அதற்கு ஒரு தலைகூடத் திரும்புவதில்லை. சாவு அடி விழுந்ததும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அடி வருவது தொங்கல் வீட்டிலிருந்து. அங்கே இருப்பது வயதான அம்மாவும் ஒரு மகளும். அப்படியானால் போனது யார் என்று சனம் தானே முடிவு செய்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா தலையில் சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார். மேல் லயத்துப் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, படி இறங்கும்போதே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். மரண உதவிச் சங்கத்துத் தலைவர், அவர் எங்களுக்கு மாமா முறை, வெள்ளைத் துணிச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பின்னால் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தோளில் அடுக்கிக்கொண்டு வந்தார்கள்.

"என்னையப் பெத்த மதினி, எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு வாசலுக்கு வந்த நேரத்தில், அந்த மதினி எழுந்து வந்து கதவில் நின்றாள்.

அந்தப் பெண் போட்ட அலறலில் நாற்காலி தூக்கியவர் ஒன்றைக் கீழே போட்டுவிட்டார். கூட்டம் அப்படியே நின்றது. "என்னா சொல்றாங்க?" என்று அம்மா என்னைக் கேட்டாள். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

கிட்டார்காரர்தான் முன்னால் போனார். "மன்னிச்சுக்கங்க மாமா, யாருக்கும் ஒன்னும் இல்ல. அது பாட்டுத்தாங்க. பொட்டியில போட்டோம்."

சங்கத்து மாமா அவரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார். அவர் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "வெவரம் தெரிஞ்ச புள்ள நீ. சாவு இல்லாத வீட்டுல சாவு அடி போட்டிருக்க. பத்துப் பேர் ஒப்பாரி வச்சு வந்துட்டாங்க. இனி இது சும்மா போகுமா? இதுக்கு யாரு பொறுப்பு?"

இஸ்தோப்பில் ஏறியிருந்த இரண்டு பெண்கள் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் என் உயிரியலும் உயர்தரமும் எங்கே போயின என்று தெரியவில்லை. நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது, அம்மா பெயரைச் சொல்லி ஒப்பாரியும் வைத்துவிட்டார்கள், ஆள் தேடி வந்த அடிக்கு முகவரி கொடுத்த மாதிரி.

அம்மா என் தோளைத் தட்டினாள். "மாமா என்னா கேக்குறாரு?"

"ஒன்னும் இல்லம்மா."

"சொல்லு."

அவள் காதுக்குக் கேட்க வேண்டுமென்றால் ஊருக்கே கேட்கச் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "சாவு இல்லாம சாவு அடி அடிச்சா ஆகாதாம்மா!"

அம்மா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாமாவிடம் திரும்பினாள்.

"சாவு இல்லைன்னு யாருண்ணே சொன்னா? எம் மகன் செத்துப் போயிட்டான்ல. அப்ப ஒங்க யாரையும் வர விடல, அவனையும் கொண்டார விடல. அந்தச் சாவுக்கு இன்னைக்குத்தான் அடி விழுந்திருக்கு. வந்த ஆளுக வாசலோட திரும்பாதீங்க. ஒக்காருங்க."

எம் மகன் செத்துப் போயிட்டான். அத்தனை காலத்தில் அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. சொல்லிவிட்டு அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓடிப்போய் அவளைத் தாங்கினேன், அவள் உடம்பு முழுவதும் அதிர்ந்தது. அது மயக்கம் இல்லை, அழுகை.

சங்கத்து மாமா கக்கத்திலிருந்த துணியைப் பிரித்துக் கிழித்து, எங்கள் இஸ்தோப்புத் தூணில் வெள்ளைக் கொடி கட்டினார். விழுந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். இறங்கிய பெண்கள் மறுபடி ஏறிவந்து அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மதினி என்று தொடங்கிய ஒப்பாரியை மகனே என்று மாற்றிக்கொண்டார்கள். அண்ணன் சின்ன வயதில் யார் வீட்டுக் கொய்யாவில் ஏறினான், யாருடைய கல்யாணத்துக்கு இலவசமாக அடித்தான் என்று ஒவ்வொருவரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். பக்கத்து வீட்டு அக்கா நுரை காய்ந்த தலையோடு பிளேன்டீ ஊற்றினார். யாரோ சப்பாத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார்கள். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல், பாட்டில் கத்துவதைவிடச் சத்தமாக அழுதேன்.

வெயில் இறங்கும்போது சனம் ஒவ்வொருவராகப் பீலிக்குப் போய்த் தலையை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். செவ்வந்தி நாற்று தருவதாக மேல் லயத்து அக்கா சொல்லிவிட்டுப் போனார், அப்பாவுக்குப் பக்கத்தில் மகனுக்கும் ஒன்று வைக்கலாம் என்று. கிட்டார்காரர் பெட்டியின் வயரைச் சுருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அம்மாகிட்ட கேட்டியா? பாட்டு இருக்கட்டுமா, எடுக்கணுமா?"

நான் கேட்டிருக்கவில்லை. எப்படிக் கேட்பது? சாவு அடி விழுந்தது அவனுக்கு என்று அம்மா ஏற்றுக்கொண்டாள், சரி. ஆனால் அடித்தது யார் என்று நாங்கள் அவளிடம் இன்னும் சொல்லவே இல்லை. அவன் சாவுக்கு அவனே அடித்திருக்கிறான் என்று தெரிந்தால், அழுது ஓய்ந்த அந்த உடம்பு அதையும் தாங்குமா? பிரஷர் மெஷினைத் தேடி எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

அவள் மெஷினைத் தள்ளிவிட்டாள். முக்காலியை இழுத்துப்போட்டு மறுபடி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பு போலவே உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"அத இன்னொரு தடவ போடு."

கிட்டார்காரர் வயரைச் செருகினார். கடைசிப் பாட்டை முதலிலிருந்து போட்டேன். என் குரல் வந்ததும் அம்மா முகத்தைச் சுளித்து, மறு கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாள்.

"நீ கத்துறது வேணாம். அண்ணன் அடிக்கிறத மட்டும் போடு."